பயணம் சொல்லி இருபது நாள்

றவூப் மாஸ்டர் ஊரெல்லாம் பயணம் சொல்லி முடித்து இன்றைக்கு இருபதாவது நாள். ஆள் இன்னும் காத்தான்குடியில்தான் இருக்கிறார்.

பிழை அவருடையதுதான். மாலைதீவில் ஒரு தீவுப் பாடசாலைக்குக் கணித ஆசிரியராகத் தெரிவாகி, இங்கே சம்பளமில்லாத லீவும் கிடைத்த பிறகு, கொழும்பு ஏஜன்ட் போனில் சொன்னார்: "வேலை அனுமதி ஒரு கிழமையில வந்திடும் மாஸ்டர். பிறகு விசா, டிக்கட், அவ்வளவுதான்." ஒரு கிழமை என்றால் ஏழு நாள் என்று எடுத்துக்கொண்டது ஒரு கணக்கு வாத்தியார் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

போகாமலும் முடியாது. மூத்தவள் பஸ்னாவுக்குப் பன்னிரண்டு வயது, இளையவளுக்கு எட்டு. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுக்கிற ஊர். மாஸ்டரே மாமியார் கொடுத்த வீட்டில்தான் படுத்தெழும்புகிறார். இரண்டு பிள்ளை, இரண்டு வீடு. உள்ளூர்ச் சம்பளத்தை வைத்து அந்தச் சமன்பாட்டை அவர் எத்தனையோ விதமாகச் செய்து பார்த்துவிட்டார்.

ஆகவே ஊர் வழக்கப்படி வீடு வீடாகப் போய்ப் பயணம் சொன்னார். பயணம் போகிறவர் தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்க வேண்டும். முதல் நாலைந்து வீட்டில் பொதுவாகத்தான் கேட்டார். எல்லோரும் மாப்புச் செய்தார்கள். இனிப்புக்கு வட்டிலப்பமும் கொடுத்தார்கள். மாஸ்டருக்கு அதில் ஒரு ருசி பிடித்துவிட்டது. பொதுவாகக் கேட்டால் மாப்பும் பொதுவாகத்தானே கிடைக்கும் என்று, பிழைகளைப் பேர் சொல்லிக் கேட்கத் தொடங்கினார். சலூன்காரரிடம், பத்து வருடமாக அவர் வெட்டிய தலையை வீட்டுக்கு வந்து மனைவி அஸீமாவின் கத்தரிக்கோலால் திருத்திக்கொண்டதைச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பக்கீர் காக்காவிடம், அவருடைய சேவலைப் பற்றி நகர சபைக்கு மொட்டைக் கடிதம் போட்டது தான்தான் என்றார். கடைசியாக அதிபர் ஜிப்ரி சேர் வீட்டுக்குப் போனபோது வாய் நன்றாகப் பழகியிருந்தது.

"சேர், உங்களுக்கு ஜெனரேட்டர் எண்டு பேர் வெச்சது நான்தான்."

மின்வெட்டுக் காலத்தில் வைத்த பேர். ஜிப்ரி சேர் பேசத் தொடங்குமுன் மூன்று தரம் இருமுவார். தொடங்கிவிட்டால் எண்ணெய் தீரும்வரை நிற்காது. ஆசிரியர் அறையில் சொன்ன சொல், வகுப்புகளுக்குப் போய், வாசலில் கச்சான் கடலை விற்கிறவர் வரைக்கும் பரவிவிட்டது. வைத்தது யாரென்று நாலு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரே ஆள் அதிபர்தான். அவர் மாஸ்டரைக் கட்டிப்பிடித்து, "மாப்புச் செஞ்சன்" என்றார். மூன்று தரம் இருமிவிட்டுத்தான் சொன்னார்.

பிறகு ஒரு கிழமை போனது. இன்னொன்றும் போனது. அனுமதி வரவில்லை.

மீன்காரர் வந்தால் மாஸ்டர் அறைக்குள் போய்விடுவார். ஒரே ஆட்கள் இரண்டு தரம் கேட்காமல் இருக்க, ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் வேறு வேறு பள்ளிவாசலுக்குப் போனார். ஊரில் பள்ளிவாசலுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் இருபது நாளை ஐந்து வக்தால் பெருக்கினால் நூறு வருகிறது. எப்படியும் பிடிபட்டார். "மாஸ்டர், இன்னம் போகல்லியா?" என்றவர்களைக்கூடச் சமாளித்தார். ஒருவர் மட்டும், "எப்ப வந்த? மாலைதீவு எப்பிடி?" என்று கேட்டுவிட்டார். மாஸ்டர் பதறிப்போய், "நல்ல இடம்" என்றார். மாப்புக் கேட்க வேண்டிய கணக்கில் அது புதிதாக ஒன்று.

கட்டிவைத்த பெட்டியை நாளுக்குப் பத்துத் தரம் திறந்தார். பாஸ்போட் இருக்கிறதா என்று பார்த்தார், மூடினார், வாவிக்கரை வரை நடந்தார், திரும்பி வந்து மறுபடி திறந்தார். உள்ளே மாமியார் ஹவ்வா உம்மா வைத்த மாசிச் சம்பல் போத்தல் இருந்தது. மாசிக் கருவாடு வருவதே மாலைதீவிலிருந்துதான் என்று அன்றைக்கே சொல்லிப் பார்த்திருந்தார். ஹவ்வா உம்மா மருமகனோடு நேரே பேசுவதில்லை, கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொன்னார்: "அது அவங்கட மாசி. இது என்ட சம்பல் எண்டு சொல்லு." இருபதாம் நாள் போத்தலில் அடி தெரிந்தது.

அன்றைக்குத்தான் ஏஜன்டின் குரல் பதிவு வந்தது. அதிபர் கொடுத்த அனுபவக் கடிதத்தில், மாஸ்டர் பாடசாலையில் சேர்ந்த திகதி இல்லை. மாலைதீவில் அதைத் திருப்பிவிட்டார்கள். வியாழக்கிழமைக்குள் புதுக் கடிதம் வராவிட்டால் அடுத்த ஆளை எடுத்துவிடுவார்கள். அன்றைக்குச் செவ்வாய்.

"போய்க் கேளுங்களன்" என்றாள் அஸீமா.

"எந்த மூஞ்சோட போற?"

"மாப்புக் கேட்ட மூஞ்சோடதான். அதான இப்ப சுத்தமா இருக்கு."

புதன்கிழமை காலையில் அதிபரின் அறையில் நின்றார். ஜிப்ரி சேர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று தரம் இருமினார்.

"மாலைதீவுல இருந்தா வாறீங்க?"

"இல்ல சேர். பக்கத்துப் பாலமுனையக்கூடத் தாண்டல்ல."

மாஸ்டர் ஏஜன்டின் பதிவைப் போட்டுக் காட்டினார். அதிபர் மேசை லாச்சியை இழுத்து ஒரு தாளை எடுத்து வைத்தார். அனுபவக் கடிதம். சேர்ந்த திகதி, படிப்பித்த வகுப்புகள், கையெழுத்து, சீல், எல்லாம் இருந்தன. மேலே போட்டிருந்த திகதி பதினெட்டு நாளுக்கு முந்தியது.

"இது எப்ப சேர் அடிச்ச?"

"நீங்க பயணம் சொல்லிட்டுப் போய் ரெண்டு நாளால. முதல் கடிதத்துல விடுபட்டது மறதிதான், அல்லாஹ் அறிய. ஞாபகம் வந்த உடன திருத்தி அடிச்சி வெச்சன். குடுக்கத்தான் மனம் வரல்ல."

"பேர் வெச்ச கோவமா?"

"அதுவும் கொஞ்சம் இருந்தது." ஜிப்ரி சேர் கண்ணாடியைக் கழற்றினார். "ஓ.எல் சோதினைக்கு மூணு மாசம் இருக்கு மாஸ்டர். பதினொண்டு பியில முப்பத்தெட்டுப் பிள்ள. கணக்குக்கு ஆள் கேட்டு வலயக் கல்விக் கந்தோருக்கு நாலு தரம் போய்ட்டன். உங்கட அனுமதி தானாப் பிந்தினா நல்லம் எண்டு நினைச்சன். லாச்சியத் திறக்கவே இல்ல." கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "நம்மட ஊருல போறவர் மாப்புக் கேக்கத்தான் வழக்கம் இருக்கு. நிக்கிறவன் எப்பிடிக் கேக்கிற எண்டு ஒருத்தரும் சொல்லித் தரல்ல. மாப்புச் செஞ்சிருங்க."

இருபது நாள், நூறு வக்து, ஒரு போத்தல் சம்பல், எல்லாம் இந்த லாச்சியால். கோபம் வந்தது, நல்ல பெரிய கோபம்தான். இரண்டு பிள்ளைகளின் வீட்டையும் இந்த மனிதர் ஒரு லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்திருக்கிறார். பக்கீர் காக்கா எவ்வளவு சுருக்காக மாப்புச் செய்தார் என்று மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். சலூன்காரர் சிரித்துக்கூடக் காட்டினார். கொடுக்கிறது, வாங்குகிற மாதிரி ருசியாக இல்லை.

"செஞ்சன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். முதலில் இருமல்தான் வந்தது. மூன்று தரம் இருமிவிட்டுச் சொன்னார்.

ஜிப்ரி சேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து மாஸ்டருக்கும் வந்தது.

அங்கேயே வைத்துக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினார். ஏஜன்டிடமிருந்து பதில் வந்தது: கிடைத்தது, இனிப் பிரச்சினை இல்லை, ஒரு கிழமை. வெளியே மணி அடித்தது.

"பதினொண்டு பி இப்ப சும்மாதான் இருக்கு" என்றார் அதிபர், மேசையைப் பார்த்துக்கொண்டு.

"நான் லீவுல சேர்."

"தெரியும். கையெழுத்துப் போடாம வகுப்புக்குப் போங்க. அனுமதி வந்தா, பாடத்துல நடுவுல எழும்பிப் போனாலும் நான் ஒண்டும் கேக்கமாட்டன். ஒண்டு மட்டும், இன்னொருக்காப் பயணம் சொல்ல வராதீங்க. ஒருக்காச் செஞ்ச மாப்பே போதும். இன்னம் என்னவெல்லாம் வெச்சிருக்கீங்களோ, அது என்ட காதுல விழ வேணாம்."

வகுப்புக்குள் நுழைந்ததும் முப்பத்தெட்டுப் பேரும் எழும்பி நின்றார்கள். முன்வாங்கில் இருந்த இஷாம், "சேர், எப்ப வந்த? மாலைதீவு எப்பிடி?" என்றான்.

"இன்னம் போகல்லடா" என்றார் மாஸ்டர். இருபது நாளில் முதல் தரமாக அதை நாலு பேர் கேட்கச் சொன்னார். சொன்ன பிறகு அது அவ்வளவு பெரிய விசயமாகத் தெரியவில்லை. "இன்னம் ஒரு கிழம இருக்கு. கொப்பிய எடுங்க."

எத்தனை நாள் கொண்ட கிழமை என்று ஒருவரும் கேட்கவில்லை.