கேதகியின் கணுக்கால்

1

இந்தக் கதை ஒரு சுற்றறிக்கையாகத்தான் பிறந்தது. மும்பையில் எங்கள் லால்பாக் குடியிருப்பில், தோள்மேல் தோளாக ஏறி உயரத்தில் தொங்கும் தயிர்ப்பானையை உடைக்கும் பெண்கள் கோவிந்தா குழுவை நடத்தும் பிரமிளா சாவந்த் போன மாதம் என் கதவைத் தட்டினார். "அண்ணா, நீங்கதான் எழுதுற ஆளாச்சே. கோகுலாஷ்டமிக்குப் பானை உடைக்க ஏறுறவங்க எப்படிப் பத்திரமா இருக்கணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. படிக்கட்டு பக்கத்துல ஒட்டிடலாம்" என்றார். (தெற்கிலிருந்து வந்த எவரும் இங்கே அண்ணாதான். முப்பது வருடமாக நான் ஒரு தெருவுக்கே அண்ணா.)

எழுதினேன். தலைக்கவசம் அணியவும். உச்சிக்கு ஏறுபவர் இடுப்புவாரில் கயிறு மாட்டாமல் ஏறக் கூடாது. வெறும் வயிற்றோடு வராதீர்கள். மொத்தம் எட்டு வரி. மூன்றாம் நாள் அதன் மேல் தண்ணீர் வரும் நேரத்தை ஒட்டிவிட்டார்கள்.

ஆகவே கதை. போன வருடம் நடந்தது.

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது. ஹேமாங்கியின் கண்களில்"

[நிறுத்திவிட்டேன். ஆகஸ்டில் மும்பையில் மழை பெய்வது செய்தியே அல்ல. கண்ணில் இருந்தது, வேடிக்கை பார்த்தவர்கள் குழாயால் பீய்ச்சிய தண்ணீர்.]

இரண்டாம் தொடக்கம்: "மனித வாழ்வே தோள்மேல் தோள் வைத்துக் கட்டிய கோபுரம்"

[இதற்கு விளக்கம் வேண்டாம்.]

நேராகவே சொல்கிறேன். ஹேமாங்கி மயேகருக்கு நாற்பத்தோரு வயது. மருந்து அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் கோணலான பெட்டிகளைப் பொறுக்கி எடுக்கும் வேலை. வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு மாடி இறங்குவாள், பிறகு ஏறிப்போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பாள். மூடித்தான் இருக்கும். குழுவின் மனிதக் கோபுரத்தில் அவள் இடம் கீழ் அடுக்கு.

கேதகி அவளுடைய கணவனின் தங்கை. இருபத்திரண்டு வயது, நாற்பத்துநான்கு கிலோ, ஆறாவது அடுக்கு, அதாவது உச்சி. ஹேமாங்கி கல்யாணமாகி வந்தபோது கேதகிக்கு நான்கு வயது. அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அண்ணிதான். எல்லாரும் ஒன்றரை அறையில் இருக்கிறார்கள்.

3

அன்று பானை உடைக்க மூன்றாவதாகப் போன மேடை. லாரியிலிருந்து குதித்து வட்டம் கட்டினார்கள். கீழ் அடுக்கில் நிற்பவர்களுக்கு ஒரு விதி உண்டு: தலையைக் குனி, பக்கத்து ஆளின் தோளை இறுக்கிப் பிடி, என்ன கேட்டாலும் கையை எடுக்காதே. அவர்களுக்குத் தெரிவது எதிரே நிற்பவர்களின் கால்விரல்கள் மட்டும். மேலே யார் ஏறுகிறார்கள் என்பதைத் தோளில் விழும் எடையை வைத்தே தெரிந்துகொள்வார்கள்.

நான்கு அடுக்கு நின்றாகிவிட்டது. ஒலிபெருக்கியில் மேடைக்காரர் பேசிக்கொண்டிருந்தார். "கயிறு சிக்கிக்கிச்சாம். அக்காமாருக்குக் கயிறு எதுக்கு, துணி காயப்போடவா? நேரம் ஓடுது, நேரம் ஓடுது."

கூட்டம் சிரித்தது. ஹேமாங்கிக்கு அதில் பாதிதான் கேட்டது. ஐந்தாவது அடுக்குக்காரி அவள் முதுகை மிதித்து ஏறிப்போனாள். அடுத்து, பழகிய ஒரு பாதம் அவள் இடது தோளில் ஊன்றியது. கேதகி ஏறும்போதெல்லாம், மேடைக்காரர்கள் பானைக்கு மேலிருந்து இறக்கும் பாதுகாப்புக் கயிறு ஹேமாங்கியின் காதை உரசிக்கொண்டு போகும். இந்தத் தடவை உரசவில்லை.

ஹேமாங்கி பக்கத்துத் தோளிலிருந்து கையை எடுத்தாள். கேதகியின் கணுக்காலைப் பிடித்தாள்.

"அண்ணி, விடுங்க."

"கயிறு எங்க?"

"சிக்கிக்கிச்சு. கழட்டிட்டேன்."

"அப்ப இறங்கு."

"மேல ஆளுங்க நிக்கிறாங்க அண்ணி. ஒரு நிமிஷம். தட்டிட்டு வந்துடுவேன்."

"இறங்கு கேது."

"நான் ஒண்ணும் உங்க கேஸ் அடுப்பு இல்ல, திரும்பத் திரும்ப மூட. விடுங்க."

விடவில்லை. மேலே அடுக்குகள் ஆடத் தொடங்கின. முன்பக்கம் நின்று மேலடுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்த பிரமிளாவுக்கு, பின்பக்கம் நடப்பது அப்போதுதான் தெரிந்தது. விசில் ஊதினார். இறங்கச் சொல்லும் விசில்.

4

(இந்த இடத்தில் கதாசிரியனுக்கு ஒரு சந்தேகம். பதினைந்து வருடப் பழக்கமுள்ள ஒருத்தி கையை எடுப்பாளா? என் சுற்றறிக்கையின் ஆறாவது வரி: "கீழ் அடுக்கினர் எக்காரணம் கொண்டும் கையை எடுக்கக் கூடாது." இரண்டாவது வரி: "கயிறு மாட்டாமல் ஏறக் கூடாது." இரண்டும் ஒரே நேரத்தில் மோதினால் எதைப் பார்ப்பது என்று ஒன்பதாவது வரி ஒன்றை எழுத எனக்குத் தோன்றவில்லை.)

5

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். கேதகி இறங்கினாள். ஐந்தும் நான்கும் இறங்கின. மூன்றாவது அடுக்கில் நின்ற சுல்பா, ஹேமாங்கியின் பக்கமாகக் காலை வைத்தாள். ஒரு கை குறைந்திருந்த இடம் அது. சரிந்து, வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

அடுத்து வந்த குழுவும் பெண்கள்தான். கயிறு இன்னும் சரியாகவில்லை. அவர்களுடைய உச்சிப் பெண் கயிறில்லாமலே ஏறிப் பானையை உடைத்து இறங்கினாள். ஒருவருக்கும் கீறல் இல்லை. சுல்பாவின் கையைத் தாங்கிக்கொண்டு ஓரமாக நின்ற ஹேமாங்கியின் தலையில் தயிர் சொட்டியது.

அதன்பிறகு இரண்டு மாதம் சுல்பாவுக்குத் தலை வாரிவிட்டது ஹேமாங்கிதான். சுல்பா பேசினாள். கேதகி இன்றுவரை பேசவில்லை. ஒன்றரை அறைக்குள் பேசாமல் இருப்பது ஒரு தனித் திறமை. "அண்ணா, சர்க்கரை எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லு" என்பாள் தன் அண்ணனிடம். ஹேமாங்கி ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். அண்ணன் கேட்டுச் சொல்வான்.

6

முடிவுகள்.

(அ) அடுத்த குழு விழுகிறது. உச்சிப் பெண்ணின் முதுகு உடைகிறது. கேதகி அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

இதை எழுதியே முடித்துவிட்டேன். நன்றாக வந்திருந்தது. ஹேமாங்கிக்குத் தமிழ் தெரியாது என்பதால் மராத்தியில் சொல்லிக் காட்டினேன். பச்சைப் பட்டாணி உரித்தபடி கேட்டாள்.

"விழலையே அண்ணா."

"கதைக்கு வேணும்."

"நான் செஞ்சது சரின்னு காட்ட யாரோ பெத்த பொண்ணோட முதுகை உடைக்கணுமா?"

கிழித்துவிட்டேன். அன்று முழுக்க அந்தப் பெண்ணுக்கு நானே ஏதோ செய்துவிட்டது போல இருந்தது.

(ஆ) ஹேமாங்கி கையை விடுகிறாள். கேதகி ஏறி உடைக்கிறாள், இறங்குகிறாள். எல்லாரும் ஆடுகிறார்கள். சுல்பாவின் மணிக்கட்டும் பிழைக்கிறது.

"இது?"

"இப்படித்தான் நடந்திருக்கும்" என்றாள், யோசிக்காமல். "பத்துல ஒன்பது தடவை இப்படித்தான் நடக்கும்." இரண்டு பட்டாணி உரித்தாள். "அந்த ஒண்ணை யாரும் முன்னாடியே சொல்லிட்டு வர்றதில்லையே."

"வருத்தமா இருக்கா?"

"சுல்பா கையை நினைச்சா வருத்தம்தான். பிடிச்சதுக்கு இல்ல. ரெண்டும் ஒரே கை செஞ்சது. நான் என்ன செய்யட்டும்?"

இதற்கு என்னிடம்

[பதில் எழுதிப் பார்த்தேன். அறிக்கை போல இருந்தது.]

7

குரு பௌர்ணமியோடு இந்த வருடத்துப் பயிற்சி தொடங்கிவிட்டது. சொந்தமாக ஒரு கயிறு வாங்க வேண்டும் என்று பிரமிளா அலைகிறார். ஹேமாங்கியின் பெயரைக் கீழ் அடுக்கில் எழுதியிருக்கிறார், பென்சிலால். கீழே நிற்பவளை உச்சிக்காரி நம்பியாக வேண்டும். "உங்க அண்ணி நிக்கலாமா, வேணாமா?" என்று கேதகியிடம் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றாளாம்.

இன்று ஞாயிறு. காலை பத்து மணி. என் ஜன்னலுக்கு நேர்கீழேதான் முற்றம். பெண்கள் வட்டம் கட்டிவிட்டார்கள். ஹேமாங்கி ஒரு பக்கமாகச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காத்திருக்கிறாள். கேதகி தலைக்கவசத்தின் வாரை மாட்டியபடி அவளை நோக்கி நடக்கிறாள். வாயைத் திறக்கிறாள், அண்ணனைத் தூதுவிட அவன் அங்கே இல்லை.

நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று இந்தக் குடியிருப்பில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் அதைத் திருத்தத் தோன்றும்.

நீங்களே முடித்துக்கொள்ளலாம். பேசவிடுங்கள், பேசவிடாதீர்கள், பானையை உடையுங்கள், உடைக்காமல் விடுங்கள். ஒன்றே ஒன்று: மேலே யாரையாவது ஏற்றினால், இறக்கிவிட்ட பிறகு பக்கத்தை மூடுங்கள்.