ஜோடி இல்லாத அஞ்சு

நான்காம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் ஒலிபெருக்கி. ஒரே அறையில் அறுபத்தேழு பேர்; கடைசி பெஞ்சுக்கும் கேட்கவேண்டுமென்றால் தொண்டைத் தண்ணி வற்றத்தான் செய்யும். மாநிலங்களின் தேர்வுத் தரவரிசையில் அவர்கள் மாநிலம் கடைசிக்கு முந்தின இடம். முதலிடத்தில் இருந்த பக்கத்து மாநிலமோ பிள்ளை ஒன்றுக்கு மூன்று மடங்கு செலவழித்தது. அங்கே எப்படித்தான் நடத்துகிறார்கள் என்று பார்த்துவரக் கல்வித்துறை அவளை இரண்டு வாரம் அனுப்பியது.

போன அன்றே பாடம் எடுக்கச் சொன்னார்கள். அவள் வாயைத் திறந்ததும் முன்வரிசைக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

"மெதுவாவே பேசுங்க டீச்சர். மொத்தமே பதினெட்டுப் பேர்தான்," என்று சிரித்தாள் அந்த வகுப்பு ஆசிரியை.

டீச்சர் குரலைத் தணித்து, முப்பத்தைந்தை ஐந்தால் பெருக்கச் சொன்னாள். பத்து நிமிடத்தில் எல்லா நோட்டும் திருத்தியாயிற்று. மணியடிக்க இன்னும் அரைமணி. கை சும்மா இருப்பது என்னவோ போலிருந்தது. ஒரு நோட்டில் 170 என்றிருந்தது. பொழுது போகவேண்டுமே என்றுதான் கேட்டாள்.

"இது எப்படிம்மா வந்துச்சு?"

"ரெண்டு அஞ்சு சேந்தா ஒரு பத்து டீச்சர்," என்றாள் அந்தச் சிறுமி. "முப்பத்தஞ்சு அஞ்சையும் ஜோடி ஜோடியா சேத்தேன். பதினேழு பத்து வந்துச்சு. ஒண்ணுக்கு மட்டும் ஜோடி இல்ல. அதான் விட்டுட்டேன்."

டீச்சர் நோட்டை மறுபடி பார்த்தாள். வாய்ப்பாட்டைத் தொடாமலே இந்தப் பிள்ளை பெருக்கலையே தானாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

"விட்டது எவ்வளவு?"

"அஞ்சு..." சிறுமி பென்சிலை எடுத்துத் தானே 175 என்று திருத்தினாள்.

இருபத்திரண்டு வருடங்களாகத் தான் போட்ட தப்புக்குறிகள் எத்தனை ஆயிரம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒன்று இருந்திருக்குமோ என்று நினைத்தாள் அவள்.

ஊர் திரும்பியதும் தலைமையாசிரியர் கேட்டார்: "அங்க அப்படி என்னதான் வச்சிருக்காங்க? கம்ப்யூட்டரா?"

"அதுவும் இருக்கு சார். ஆனா ஒரு பிள்ளைய நிறுத்திக் கேக்க அவங்களுக்கு நேரம் இருக்கு. நம்ம வகுப்ப மூணாப் பிரிக்கணும்."

"வாத்தியாருக்கு எங்க போறது?"

அவர் கேட்டதும் நியாயம்தான். மனு எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். தப்பு விடை போட்டிருந்த ஒரு பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எப்படிப் போட்டேன்னு சொல்லு. அவசரமே இல்ல."

வருடம் முழுக்க வாய் திறக்காத பிள்ளை அது. முனகலாகத் தொடங்கி, முழுசாகப் பன்னிரண்டு நிமிடம் சொன்னது. மற்ற அறுபத்தாறு பேரும் மூச்சுக் காட்டவில்லை. அது சொல்லி முடித்ததும் ஜன்னலோரத்தில் ஒரு கை உயர்ந்தது.

"அடுத்து என்னைக் கேளுங்க டீச்சர்."

அப்புறம் இன்னொரு கை. அவள் எழுந்து திரும்பிப் பார்த்தாள். அறை முழுக்கக் கைகளாக இருந்தது.