முதல் குடத்து வாடை

எண்பத்திரண்டாம் வருஷம், சந்திரகலா திருவண்ணாமலைக்கு வாக்கப்பட்டு வந்த ஐந்தாம் மாதம், குழாய்த் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை அடிக்க ஆரம்பித்தது. குளித்தால் தலைமுடியில் நின்றது. சோற்றில் கசந்தது.

“முழுகாம இருக்கிறவளுக்கு எல்லாந்தான் நாறும்,” என்றாள் மாமியார் காசியம்மாள். ஆனால் அவளும் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை. தனக்கென்று தெருக்குழாயில் ஒரு சொம்பு பிடித்து வைத்துக்கொள்வாள். புருஷன் ஆதிமூலம் பாதிச் சோற்றில் எழுந்து போவான்.

அவனுக்கு இவள் இரண்டாம் தாரம். முதல் மனைவி தங்கம்மாள் காமாலையில் செத்தாள் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். இப்போதெல்லாம் குடத்தின்மேல் குனிந்தால், முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல் சந்திரகலாவுக்கு உடம்பு சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தால் முருங்கைமரம் மட்டும் நிற்கும்.

பயந்தபடியே அவள் கவனித்தாள். பக்கத்து வீட்டுத் தண்ணீரில் வாடை இல்லை. இவர்கள் வீட்டிலும், காலையில் பிடிக்கும் முதல் குடம்தான் நாறியது. நான்காவது குடம் நன்றாக இருந்தது.

பௌர்ணமியன்று காசியம்மாள் விடிந்ததுமே மலை சுற்றப் போனாள். ஆதிமூலம் அரிசி மில்லுக்குப் போயிருந்தான். குழாய் வேலை செய்யும் பலராமனைச் சந்திரகலா கூட்டிவந்தாள்.

“ஜாயின்ட் வுட்டிருக்கும்மா. தண்ணி நின்னதும் மண்ணுல இருக்கிறத உள்ள இழுத்துக்குது,” என்றவன் குழாய் ஓடும் முருங்கையடியில் தோண்டினான். தோண்டத் தோண்ட வாடை ஜாஸ்தியானது. இரண்டடியில் கடப்பாரை ணங்கென்று இடித்தது.

அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்த மண்ணெண்ணெய் டின். அதைச் சுற்றிப் பாதி கருகிய புடவை ஒன்று.

பலராமன் பின்வாங்கினான். “இத யாரும்மா பொதைச்சது?”

சந்திரகலா குனிந்து புடவையை உருவி எடுத்தாள். அதைப் பையில் திணித்துக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினாள். தங்கம்மாளின் தாய் பச்சையம்மாள் அங்கேதான் இருந்தாள்.

அவள் கருகாத முந்தானையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்ததும்மா. காமாலைன்னாங்க. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள எரிச்சிட்டாங்க. மொகத்தக்கூடப் பாக்கல.” பிறகு சந்திரகலாவின் வயிற்றைப் பார்த்தாள். “நீ அந்த வூட்டுக்குத் திரும்பிப் போவாத.”

அன்று சாயங்காலமே இருவரும் போலீஸ் ஸ்டேஷன் படியேறினார்கள். ஏட்டு பேனாவை நிறுத்தி, “செத்துப்போனவளுக்கு நீ என்னம்மா வேணும்?” என்று கேட்டார்.

“அவளுக்கப்புறம் அந்த வூட்ல இருந்தவ நான்,” என்றாள் சந்திரகலா.