எந்த வாரேன்?

ஊர் சுற்றப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சண்டை நடக்கும் பாருங்கள், அதற்கு டிக்கெட் போட்டே விற்கலாம். போத்தனூரில் ஜெரோம் வீட்டுக் கூடத்தில் அன்று சாயங்காலம் அதுதான் நடந்துகொண்டிருந்தது. மருமகன் வின்ஸ்டன் மெட்ராஸ்காரன், கழுத்தில் எந்நேரமும் கேமரா. கோபிசெட்டிபாளையம் போக அவனுக்குப் பெரிய ரோடே ஆகாதாம். அன்னூர் தாண்டிப் பிரிந்து, நம்பியூர் பக்கமாக உள்ளே உள்ளே நுழைந்து, அழகாக இருக்கிற இடத்திலெல்லாம் நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம்.

“அழகா இருக்கற எடத்துலயெல்லாம் நிறுத்துனா, கோபி போய்ச் சேர அடுத்த கிறிஸ்மஸ் ஆயிப்போகுமுங்க மாப்ள” என்றார் ஜெரோம்.

மகள் லின்சி அதைக் காதில் வாங்கவில்லை. பீரோவிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். “கடைசி ஸ்டாப் இதுதாம்ப்பா. இதே எடத்துல உங்கள உக்கார வெச்சு எடுக்கறோம்.”

கறுப்பு வெள்ளைப் படம். வாய்க்கால் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் டவுசர் போட்ட ஒரு பையனும் பாவாடை கட்டிய ஒரு பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். பையன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அந்தப் பெண்ணுக்குச் சிரிக்க நேரமில்லை. பின்பக்கமாக அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்திருக்கிறாள். விட்டால் இவன் தண்ணீருக்குள் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும். பையன் ஜெரோம். பெண் அவருடைய அக்காள் அருள்செல்வி.

ஜெரோமுக்கு அக்காளோடு பேச்சு நின்று போனது லின்சியின் கல்யாணத்தில்தான். கொரோனா வருஷம். ரோட்டில் தலை காட்டினாலே போலீஸ் கேள்வி கேட்ட காலம். கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார் மனிதர். ‘நேர்ல வந்து கூப்புடாத கண்ணாலத்துக்கு நான் எதுக்கு வாரது?’ என்று அக்காள் இருந்துவிட்டாள். அவள் சொன்னதும் நியாயம், இவர் நிலைமையும் நியாயம். இரண்டு நியாயம் மோதிக்கொண்டால் உறவுதான் அடிபடும். அக்காளைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இல்லாமலில்லை, யார் முதலில் இறங்கிப் போவது என்கிற வீம்புதான் விடவில்லை. வின்ஸ்டனுடைய வரைபடத்தில் கோபிப் பக்கத்து அக்காள் ஊர் இருந்தது, அக்காள் வீடு இல்லை.

“எந்தப் பாலம்ப்பா இது?”

அங்கேதான் இடித்தது. அக்காள் ஊர் வாய்க்காலில் எத்தனையோ பாலம். ஜெரோமுக்கு ஞாபகமில்லை. தெரிந்த ஆள் ஒருத்திதான்.

மனைவி மெர்சி எண்ணைப் போட்டு ஃபோனை அவர் கையில் திணித்தாள்.

“அக்கா, நான் ஜெரோம் பேசறனுங்க்கா.”

“ம்.”

“சனிக்கெழம அந்தப் பக்கமா வண்டில போறோம். நம்ம ரெண்டு பேரும் உக்காந்த போட்டோ இருக்குதுல்லங்க்கா, அது எந்தப் பாலமுங்க?”

“மாதா கோயிலுக்குப் பொறகால இருக்கறது. தென்னமரத்தையெல்லாம் வெட்டிப்போட்டாங்க. பாலம் அப்படியேதான் இருக்குது” என்றாள்.

“செரிங்க்கா. வாரேன்.”

ஃபோனை வைத்ததும் மெர்சி புருவத்தைத் தூக்கினாள். “வாரேன்னு சொல்லிப்போட்டீங்க?”

“பின்ன, போறேன்னா சொல்லுவாங்க? நல்ல ஆளு நீ!”

இந்தக் காலத்துப் பிள்ளைகள் ‘வெச்சுடறேன்’ என்பார்கள். ஜெரோமுக்கு வாசல் என்றாலும் ஃபோன் என்றாலும் விடைபெறும் வார்த்தை ஒன்றுதான். போகிற வாயால் போறேன் என்று சொல்வது அவர்கள் வீட்டில் வழக்கமே கிடையாது.

சனிக்கிழமை விடியக் கிளம்பினார்கள். அன்னூர் தாண்டியதும் வின்ஸ்டனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பனைமரத்துக்கு நிறுத்தினான், மயிலுக்கு நிறுத்தினான், வெள்ளாட்டுக் கூட்டத்துக்கு நிறுத்தினான். நம்பியூரைத் தாண்டி மஞ்சள் காட்டோரம் நின்றபோது ஜெரோம் மட்டும் இறங்கவில்லை. இந்த ரோட்டில் அக்காள் சைக்கிளை மிதிக்க, பின்னால் உட்கார்ந்து அவள் ஜடையைப் பிடித்துக்கொண்டு போன நாள் ஞாபகம் வந்தது. மேடு வந்தால் ஜடையை இழுத்து ஹை ஹை என்பார். இறங்கின பிறகு அதற்குக் கொட்டு வாங்குவார். எவ்வளவு நல்ல கொட்டு அது!

மாதா கோயிலுக்குப் பின்னால் பாலம் அப்படியேதான் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. ஜெரோம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரில் ஏறி உட்கார்ந்தார்.

“சிரிங்கப்பா” என்றாள் லின்சி.

சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. ஃபோன் அடித்தது. அக்காள்தான்.

“ஏங்கண்ணு, எங்க வந்துக்கிட்டிருக்கீங்க? கோழிக் கொழம்பு ஆறிப்போச்சு. மாப்ளைக்குக் காரம் ஆகுமா?”

“அக்கா, அது வந்துங்க்கா…”

“நீதான வாரேன்னு சொன்ன?”

நான் ஃபோனை வைக்கத்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீம்பு ஜெயித்துவிடும். மெர்சி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஃபோனை மறு காதுக்கு மாற்றினார். “பாலத்து மேல உக்காந்திருக்கறனுங்க்கா.”

“அங்கயே இரு. உழுந்துகிழுந்து தொலையாத. வாரேன்.”

அக்காள் வீடு கூப்பிடு தூரம்தான். கோயில் சந்திலிருந்து வேக வேகமாக ஓர் அம்மாள் வந்தாள். தலை முழுக்க நரை. அவசரத்தில் கீழே வைக்க மறந்த கரண்டி இன்னும் கையில் இருந்தது. வந்தவள் நலமா என்றுகூடக் கேட்கவில்லை. கரண்டியை மெர்சியிடம் கொடுத்துவிட்டு, சுவரில் ஏறி உட்கார்ந்து, பின்பக்கமாகத் தம்பியின் காலரைக் கொத்தாகப் பிடித்தாள். “எடுங்க மாப்ள” என்றாள். வின்ஸ்டன் எடுத்தான். ஜெரோம் குலுங்கிக் குலுங்கி அழுததால் எல்லாப் படமும் ஆடித்தான் போயிருந்தது.

சாப்பாடு முடிந்து, கதை முடிந்து, வெயில் தாழ்ந்து கிளம்பும்போது அக்காள் கார் கதவு வரைக்கும் வந்தாள்.

“வாரேங்க்கா” என்றார் ஜெரோம்.

“இது எந்த வாரேன்?”

அவர் கார் கதவை விட்டுவிட்டுத் திரும்பினார்.

“அன்னைக்கு நீ போனை வெக்கறக்குத்தான் சொன்னேன்னு எனக்குத் தெரியாதாக்கும்? இத்தன வருசமா உன்ற வாயில ஒரு வாரேன் காதுல உழுகாதான்னு இருந்தேன். உழுந்துச்சு, புடிச்சுக்கிட்டேன். விட்டா நீ போயிருவ.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சொல்லு. இப்பச் சொன்னது எந்த வாரேன்?”

ஜெரோம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “வார வாரேன்தானுங்க்கா.”

“அப்பச் செரி” என்றாள் அக்காள். “போயிட்டு வா.”