நாற்பத்தேழாம் நம்பர் வீடு

தியாகராசன் வாத்தியாருக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. எழுபத்தொன்றாம் வருஷம், மார்ச் மாதத்து வெயில். ஜனத்தொகையை எண்ணச் சொல்லி சர்க்கார் உத்தரவு போட்டுப் பதினோரு நாளாகிறது. அறுந்த செருப்பு வாரைச் சணலால் கட்டி, இழுத்து இழுத்து நடந்தார்.

கடைசியாக மிஞ்சியது பெரிய பண்ணையின் தென்னந்தோப்பு. அதற்குள் கூலிக்காரர்களின் பதின்மூன்று குடிசைகள். போன வருஷம் வீடு வீடாக நம்பர் போட்ட வேறொரு வாத்தியார், நாற்பத்தொன்று முதல் ஐம்பத்து மூன்று வரை என்று நோட்டில் எழுதிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது எந்தச் சுவரிலும் நம்பரைக் காணோம்.

பண்ணையின் காரியக்காரர் வைரக்கண்ணு ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். வாத்தியார் ஒரே மூச்சில் குடித்தார். பிறகுதான் காரியக்காரரின் யோசனை வந்தது. இவையெல்லாம் வீடே இல்லையாம், அறுவடைக்குப் போட்ட காவல் கொட்டகைகளாம். எல்லாரையும் பெரிய வீட்டு நம்பரிலேயே பண்ணையாட்கள் என்று எழுதிவிட்டால் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாமாம்.

அந்த யோசனைக்குள் என்ன இருக்கிறது என்று வாத்தியாருக்குத் தெரியும். குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வரப்போவதாகத் திருவாரூர் டீக்கடைகளில் பேச்சு. சர்க்கார் காகிதத்தில் வீடு என்று ஏறிவிட்டால், பண்ணை நினைத்த நேரத்தில் குடிசையைப் பிரித்துப் போட முடியாது. தெரிந்தும் கை பேனா மூடியைத் திருகியது. பதின்மூன்று வீடு எழுதுவதைவிட ஒரு வீடு எழுதுவது சுலபம். நம்பர் இல்லாத சுவர்தான் இருந்தது என்று தாசில்தாரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த நேரம் உளுந்து வயலிலிருந்து எல்லையம்மாள் வந்தாள். அவள் புருஷன் பக்கிரி கூலித் தகராறில் ஜெயிலுக்குப் போய் மூன்று மாதம். அவன் போன மறுவாரமே குடிசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டது பண்ணை. இதுவரை அசையாமல் இருக்கிறாள்.

நம்பர் எங்கே என்று வாத்தியார் கேட்டார். அவள் சுவரைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

"பொங்கலுக்கு மெழுகிட்டேன் சார். வருஷா வருஷம் மண்ணும் சாணியும் வச்சு மெழுகறதுதானே. எல்லாருந்தான் மெழுகினோம்."

"சர்க்காரையே மெழுகிட்டியே," என்று வைரக்கண்ணு சிரித்தார். "எழுதுங்க சார், பஸ் போயிடும்."

எல்லையம்மாள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த அரிவாளை உருவிச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"தாரால போட்ட நம்பரு சார். தாரு எங்க போவும்?"

எந்தப் பக்கம் போட்டார்கள் என்பது மறந்துபோயிருந்தது. வாசலுக்கு இடப்பக்கம் முழங்கை நீளம் சுரண்டியும் வெறும் மண். வாத்தியார் உரலைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார். வலப்பக்கம் காய்ந்த சாணி ஏடு ஏடாக உதிர்ந்தது. கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. நாலு. பக்கத்தில் ஏழு.

"ஒண்ணு கெடச்சா ஆச்சா? மீதி பன்னெண்டு?" என்றார் வைரக்கண்ணு. குரலில் சிரிப்பு இல்லை. "குடிச்ச மோர் எந்த வீட்டுதுன்னு ஞாபகம் இருக்கட்டும் சார்."

ரோட்டில் நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. வாத்தியார் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வயல்ல இருக்கறவங்களை வரச் சொல்லும்மா. அவங்கவங்க சுவரை அவங்கவங்க சுரண்டட்டும். நான் இங்கதான் இருக்கேன்."

அவள் வரப்பில் நின்று கூப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் முதல் சீட்டை எடுத்து நாற்பத்தேழு என்று எழுதினார். ஜெயிலில் இருப்பவனை ஜெயிலில் எண்ணிக்கொள்வார்கள்.

"குடும்பத் தலைவர்னு யார் பேரைப் போட?"

எல்லையம்மாள் அரிவாளில் ஒட்டியிருந்த சாணியை விரலால் வழித்தாள்.

"வூட்டுல நான்தானே சார் இருக்கேன்."

எழுதினார். அடுத்த குடிசையில் சுரண்டும் சத்தம் ஆரம்பித்தது. இன்னும் பன்னிரண்டு என்று நினைத்தபோதே அவருக்குக் கொட்டாவி வந்தது.