கூடாரத்துக்கு இரண்டு பேர்

குவைத்துப் பணக்காரர்கள் குளிர்காலம் வந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாலைவனத்தில் போய்ப் படுத்துக்கொள்வார்கள் என்று அச்சிமுகம்மது சொன்னபோது ஹாஜறா நம்பவில்லை. அவன் அங்கே ஓர் அரபியின் வீட்டில் கார் ஓட்டுகிறவன். லீவில் வந்து ஏழு நாள், ஒரு கிழமைகூட ஆகவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் கிழமையில் சொல்வதில் பாதியைக் கழித்துவிட வேண்டும் என்பது அவளுடைய கணக்கு.

"மாளிகை மாதிரி ஊட்ட உட்டுப்போட்டு என்னத்துக்கு மச்சான் மண்ணுல படுக்கிறாங்க?"

"ஆசைக்குத்தான் புள்ள. நம்மட ஆக்கள் வெள்ளாம வெட்டுக்கு வயல் வாடியில போய் இரிக்கல்லயா? அது மாதிரித்தான். வெட்டு மட்டும் இல்ல." பிறகு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வாற குளிருக்கு நாம எல்லாரும் அங்க லீவுக்குப் போவம். அரபி தன்ட கூடாரத்துக்குப் பக்கத்துல நமக்கும் ஒண்டு அடிச்சுத் தருவார்."

எண்பத்துநாலாம் ஆண்டு அது. பொழுதுபட்டால் கல்முனைக்குடி வீதியில் ஆமி ஜீப்தான் ஓடும். பிள்ளைகள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு வேலிப் படலை தாண்டுவதில்லை. அப்படியொரு வருடத்தில் கூடாரம், வெள்ளி நிறைந்த வானம், நெருப்பு மூட்டிச் சுட்ட இறைச்சி என்று ஒருவன் கதைத்தால் எந்த வீடுதான் மயங்காது? ஹாஜறாவும் மயங்கினாள். கழித்துவிட வேண்டிய பாதியை இந்தத் தடவை கழிக்க மறந்துபோனாள்.

மூத்தவன் ஜௌபருக்குப் பதினாறு வயது. தங்கச்சியோடு ஒரே கூடாரத்தில் படுக்க ஏலாது, தனக்கு வேறு வேண்டும் என்று முதல் நாளே சண்டையைத் தொடங்கினான். பதினாலு வயது கமீலாவுக்கு இரண்டே கவலைகள். பாலைவனத்தில் தேள் இருக்குமா, கக்கூசு எங்கே இருக்கும்? வாப்பா கொண்டுவந்த சிவப்புச் சுவெற்றரை அவள் கல்முனை வெயிலிலேயே போட்டுக்கொண்டு வேர்த்து ஒழுகினாள். ஹாஜறா மாசிச் சம்பல் இடித்துப் போத்தலில் அடைத்தாள். அரபியின் மனைவிக்கென்று தொதல் இனிப்பு கிண்டும் நாளையும் குறித்துவைத்தாள். மீன் சந்தையில், கலியாண வீட்டில், வைத்தியரின் வாசலில் என்று போன இடமெல்லாம் பயணத்தைச் சொன்னாள். கொஞ்சம் பெருமையடித்தாள் என்றே சொல்லலாம்.

நெல் காயப்போடும் படங்கை ஜௌபர் இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டி ஒரு கூடாரம் செய்தான். பின்னேரங்களில் அதற்குள் ஒத்திகை நடக்கும். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெமீலாவும் வந்துவிடுவாள். விதவை பாத்தும்மாவின் ஒரே மகள். கமீலாவை விட ஒரு வயது மூப்பு, அரை முழம் கூடுதல் உயரம். தாய் வீடு வீடாக மா இடித்துக் கொடுக்கப் போவதால் அவளும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். படங்குக்குள் மல்லாந்து கிடந்து, "உங்களுக்கென்ன, போறயள்" என்று அவள் சொல்வாள். அதில் பொறாமை இல்லை, வெறும் ஏக்கம்தான். ஹாஜறா அவளுக்கும் ஒரு துண்டுத் தொதல் தருவதாகச் சொன்னாள்.

ஜௌபருக்கு விசா பிந்தித்தான் வரும் என்று அச்சிமுகம்மது ஒருநாள் சொன்னான். பொடியன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். அரசாங்கத்துக் காரியம், முன்னே பின்னே ஆகும்தானே என்று ஹாஜறா தேற்றினாள்.

பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க அவளையும் கமீலாவையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனவர் ஆதம்பாவா. கொழும்பு ஏஜென்சி ஒன்றுக்கு ஊரில் ஆள் பிடித்துக் கொடுக்கிறவர். கமீலா சிவப்புச் சுவெற்றரோடு வந்து நின்றாள். ஆதம்பாவா அவளை மேலும் கீழும் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இது சரிவராது தங்கச்சி. சாரி உடுத்திக் கூட்டிட்டு வாங்க. தலயும் கொண்ட போடணும். இருபத்திரண்டு வயசுக் கள தெரியணும்."

"லீவுக்குப் போற புள்ளைக்கு என்னத்துக்கு வயசக் கூட்டுறயள்?" ஹாஜறா சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

ஆதம்பாவாவுக்கு அவள் விளையாடுகிறாள் என்ற நினைப்பு. "பதினாலு வயசுப் புள்ளய ஊட்டு வேலைக்கு எடுக்க அவங்களுக்கென்ன பைத்தியமா?" என்றார்.

கமீலா கண்ணாடிக்கு முன் நின்று தலைத் தட்டத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. ஹாஜறாவுக்குக் கேட்டது. சாரி எடுத்துவருவதாகச் சொல்லி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அச்சிமுகம்மது கிணற்றடியில் நின்றான். அவள் முகத்தைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தான். மறைக்கப் பார்க்கவில்லை. அந்த மட்டில் அவன் நல்ல மனிதன்தான்.

"அரபிட மனிசி வேலைக்கு ரெண்டு பொம்புள கேட்டிட்டா. கொண்டு வராட்டி என்னத் திருப்பி எடுக்கமாட்டாங்க. நானென்ன செய்ய?"

"எவ்வளவு காலத்துக்கு?"

"ரெண்டு வருசம்."

"கூடாரம்?"

"பொய் இல்ல புள்ள. கூடாரத்துக்கும் போவாங்க. அங்கயும் ஆராவது சோறாக்கணும், கழுவணும்தானே."

"ஒண்டா இரிப்பமா நாங்க?"

"நீ பெரிய ஊட்டுல. கமீலா, அரபிட மகள் ஊட்டுல. அது வேற ஊரு. பெருநாளைக்குப் பெருநாள் காணலாம்."

ஹாஜறா அவனை அடிக்கவில்லை. அடிக்கத்தான் வந்தது. "இது என்ட ஊடு. என்ட உம்மா எனக்கு எழுதின ஊடு. இதுக்குள்ள இரிந்துக்கிட்டு என்ட புள்ளய விக்கப் பாக்கயளா?"

"ஊடு உன்ட. அதுக்குள்ள எரியிற அடுப்பு ஆர்ர உழைப்பு?" என்று கேட்டவன், கேட்டதும் குந்திவிட்டான். அழுதான். அந்த அழுகையும் உண்மைதான். தன் மகளைக் காட்டி வேலையைக் காப்பாற்ற ஒத்துக்கொண்ட மனிதனுக்குக் கண்ணீரும் வரத்தான் செய்கிறது. இவர்களை வெறுப்பதுகூட லேசான காரியமில்லை.

"நான் வாறன். அவள் வரமாட்டாள்," என்றாள் ஹாஜறா.

"ரெண்டு பேர் புள்ள. ரெண்டு பேர் கேட்டிரிக்கி."

வளவில் படங்குக் கூடாரம் காற்றில் உப்பியது. அதற்குள் கமீலாவும் ஜெமீலாவும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீட்டிய நான்கு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. இரண்டு கால்கள் நீளம். ஹாஜறா அவற்றைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டு, வெகுநேரம் கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்றாள்.

மறுநாள் அசர் தொழுகைக்குப் பிறகு அவள் வேலியைச் சுற்றிக்கொண்டு பாத்தும்மாவின் வீட்டுக்குப் போனாள். கையில் சிவப்புச் சுவெற்றர். அதைப் பறித்ததற்காகவும் பயணம் இல்லை என்று சொன்னதற்காகவும் கமீலா காலையிலிருந்து சாப்பிடாமல் கிடந்தாள். தாயின் முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்றிருந்தாள்.

பாத்தும்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஹாஜறா பக்கத்தில் உட்கார்ந்து பாலைவனத்தைப் பற்றிக் கதைத்தாள். கூடாரம், கம்பளி விரிப்பு, நெருப்பில் சுட்ட இறைச்சி. புருசன் சொன்ன சொற்களே ஒன்று தவறாமல் வந்தன. ஆக்கள் நிறைய வரும் வீடு, அதனால் கூடமாட கொஞ்சம் கைவேலை செய்ய வேண்டியிருக்கும் என்பதை மெல்ல, கடைசியில் சேர்த்தாள். எவ்வளவு காலம் என்று பாத்தும்மா கேட்கவில்லை. ஹாஜறாவும் சொல்லவில்லை.

"கமீலா போகல்லயா?"

"அவளுக்குக் குளிர் ஒத்துவராது ராத்தா. இழுப்பு வரும்."

கமீலாவுக்குப் பிறந்ததிலிருந்து ஒரு சளித் தடிமன்கூட ஒழுங்காக வந்ததில்லை. பாத்தும்மா சுளகை வைத்துவிட்டு ஹாஜறாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப் படிந்த, வெடித்த கை.

"உன்ட புள்ளைக்கு வெச்சிருந்தத என்ட புள்ளைக்குத் தாறாய். அல்லாஹ் உனக்கு ஒரு குறயும் வெக்கமாட்டான் ஹாஜறா."

ஹாஜறா கையை இழுக்கவில்லை. இழுத்தால் சொல்லிவிடுவாள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

கதவடியில் ஜெமீலா சுவெற்றரைப் போட்டுப் பார்த்தாள். கை மணிக்கட்டு வரைக்கும் எட்டவில்லை. அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு கேட்டாள். "சாச்சி, கூடாரத்துல படுத்தா வெள்ளி தெரியுமா?"

"தெரியும் மகள். கை நீட்டினாப் புடிக்கலாம் போல கிடக்குமாம்."

எழுந்து படலை வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள். "நாளைக்குப் படம் புடிக்கப் போவம். உம்மாட சாரி ஒண்ட உடுத்துக்க. தலய கொண்ட போட்டுக்க."

பாத்தும்மா அப்போதே எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, தன் கலியாணச் சாரியைத் தேடத் தொடங்கினாள்.