மாப்பிள்ளை இழுத்த கேபிள்

தையல் ஆலையின் பின்கொட்டகையில் இரண்டு மாதத்தில் மூன்று மெஷின்களின் மோட்டார்கள் புகைந்துபோயின. காரணம் கண்டுபிடிக்க முதலாளியின் மாப்பிள்ளைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இவங்களுக்கு ஓட்டத் தெரியல மாமா."

மூன்றாவது மெஷினில் இருந்த தையல்காரியை அன்றே வீட்டுக்கு அனுப்பினார். அவள் பன்னிரண்டு வருடம் தைத்தவள். அவரோ ஊசியில் நூல் கோத்தறியாதவர். வெளிநாட்டில் படித்தவர் என்று மாமனார் அவரைத் தொழில்நுட்ப இயக்குநர் ஆக்கியிருந்தார். என்ன படித்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லிச் சிரமப்படவில்லை.

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று நான்கு கருவிகள் வாங்கிவந்தார். செருகினால் நீல விளக்கு எரியும். அதற்கு மேல் அவற்றுக்கு வேறு வேலை இல்லை. நான்காவது மோட்டாரும் உறுமத் தொடங்கியபோதுதான் மாமனார் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். ஊரே அவளை மீட்டரக்கா என்றது. யார் என்ன சொன்னாலும் அவள் மீட்டரைத்தான் நம்புவாள்.

மெயின் போர்டில் இருநூற்று முப்பது வோல்ட். எல்லா மெஷினும் ஓடும்போது கொட்டகையில் நூற்றுத் தொண்ணூறு.

"நடுவுல நாப்பது வோல்ட்ட யாரு முழுங்கினது?"

"கரண்டு தண்ணி மாதிரிம்மா. மெதுவா வந்து சேரும்," என்றார் மாப்பிள்ளை.

மீட்டரக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். போர்டிலிருந்து கொட்டகைக்கு அவர் இழுக்கவைத்திருந்த கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். நேராக வந்தால் அறுபது மீட்டர். அதுவோ மதில் ஓரமாக ஆலையையே சுற்றி நூற்றைம்பது மீட்டர் ஓடியிருந்தது. கம்பி வீட்டு விளக்குக்குப் போடுகிற கனம். வழியில் ஐந்து இடத்தில் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டுகள். ஒன்றில் டேப் உருகிக் கருகியிருந்தது.

"ஏன் இப்படிச் சுத்தி இழுத்தீங்க?"

"நேரா இழுத்தா என் ரூம் ஜன்னல்ல அசிங்கமா தெரியும்."

அவள் முதலாளியிடம் திரும்பினாள். "கம்பி மெலிசு, தூரம் அதிகம், ஒட்டும் சரியில்ல சார். கரண்டு பாதி வழியிலயே சூடா வீணாப்போகுது. வோல்டேஜ் பத்தாம மோட்டார் திணறித் திணறி எரியுது. தையல்காரம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்போ இந்தக் கருவி?"

அவள் ஒன்றைத் திருகித் திறந்தாள். உள்ளே ஒரு குட்டி விளக்கு. கனத்துக்கு ஒரு கைப்பிடி மணல்.

"நல்ல மணல் சார். சலிச்சிருக்காங்க."

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். "நீங்களே போய் அந்தம்மாவக் கூட்டிட்டு வாங்க."

"நானா மாமா?"

"பின்னே, மணலா போகும்?"

மறுநாள் மீட்டரக்கா தடித்த கேபிளை ஒட்டே இல்லாமல் நேராக, அந்த ஜன்னலுக்கு முன்னாலேயே இழுத்தாள். கொட்டகையில் இருநூற்று இருபத்தாறு வோல்ட்.

மாப்பிள்ளை தையல்காரியின் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ முனகினார். அவள் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"சத்தமா சொல்லுங்க தம்பி. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் கேக்கணும்ல?"

சொன்னார். அவள் அவசரப்படாமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, அவருக்கு முன்னால் நடந்தாள்.